பி பிளாக்கில் வளர்ந்த கைப்பிடி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்வையாகச் சொல்ல வராது. உலை வைத்துவிட்டு நான் பேச ஆரம்பித்தால் சோறு குழைந்த பிறகும் கதை வாசலிலேயே நிற்கும் என்று லாரி ஓட்டுகிற எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் எங்கள் பிளாக்கைப் பற்றி வெளியே ஆளுக்கொன்றாகச் சொல்லித் திரிகிறார்கள். படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி கிணற்றுக்குள்ளிருந்து முளைத்து வந்தது என்று பஸ்ஸில் ஒரு அம்மா என்னிடமே சொன்னாள். எங்கள் பிளாக்கில் கிணறே கிடையாது. அதனால் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் நானே சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பியைப் பதித்தார்கள். பிறகுதான் அது வளர்ந்தது. இந்த வரிசையை மட்டும் யாரும் மாற்றிவிட வேண்டாம்.

தூத்துக்குடியில் உப்பளத்துக் காற்று முதலில் வந்து மோதுகிற கடைசித் தெருவில் இருக்கிறது எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டிய புதிதில் குடிவந்தவர்கள் எல்லாம் பிள்ளையை ஒரு இடுப்பிலும் தண்ணீர்க் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஓடி ஏறியவர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, படித்து, ஓசூருக்கும் மஸ்கட்டுக்கும் போய்விட, படிக்கட்டு அதே உயரத்தில் நிற்க, ஏறுகிறவர்களுக்கு மட்டும் வயதாகிவிட்டது.

அவர்களில் ஒருவர் கித்தேரியம்மா. மூன்றாம் மாடியில் எனக்கு எதிர்வீடு. எழுபத்தொன்பது வயது, ஒண்டி ஆள், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால் அவர் ரகசியம் சொன்னால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். போன வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, அவ்வளவு பெரிய தொண்டை இருந்தும் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், சாயங்காலம் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை ஈரத்தரையிலேயே கிடந்தார். ஓசூரிலிருந்து அவர் மகன் ஜெரால்டு வந்தான். கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டேதான் சொன்னான்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா நேரா ஓசூர்தான்மா. வீட்டை வித்துருவேன்."

"ஓசூர்ல எனக்கு யாரைத் தெரியும்? உன் வீட்டு டிவியைத்தான் தெரியும்" என்றார் கித்தேரியம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவன் போன பிறகு, ஜன்னலில் நின்று தெருவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது கேட்டார்.

அதன் பிறகுதான் எங்கள் வார்டுக்கு மூத்தோர் துணைத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் ரஹ்மத் நிஷா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து, பிளாக் வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இனி மூன்று காரியம் நடக்கும் என்றாள். கழுத்தில் தொங்கவிட ஒரு பொத்தான், அதை அழுத்தினால் எதிர்வீட்டில் மணி அடிக்கும். அந்த எதிர்வீட்டுக்குத் துணைவீடு என்று பெயர், அவர்கள் காலையிலும் மாலையிலும் ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும். படிக்கட்டு நெடுகிலும் எவர்சில்வரில் ஒரு கைப்பிடிக் கம்பி.

"கித்தேரியம்மாவுக்கு எதிர்வீடு யாரு?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. மணி கெட்டுப்போனால்? கரண்ட் போனால்? மிக்ஸி ஓடுகிற நேரம் பார்த்து அவர் பொத்தானை அழுத்தினால்? இதற்குப் பயந்து, சட்னி அரைக்கிற நேரமெல்லாம் கித்தேரியம்மாவை என் அடுக்களைக்குக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுத்தான் மிக்ஸியைப் போட்டேன். "ஏ உலகு, எனக்கு நீ துணையா, உனக்கு நான் துணையா?" என்பார். உலகம்மாள் என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார்.

கம்பியைப் பதித்து ஆட்கள் போய்ச் சில நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் கதவைத் திறந்தால், மூன்றாம் மாடி முடிவில் நின்றிருந்த கம்பி அங்கே நிற்காமல் இடதுபக்கம் திரும்பி, சுவரோடு சுவராக வந்து கித்தேரியம்மாவின் வாசலைத் தொட்டிருந்தது. மறுநாள் வாசலைத் தாண்டி உள்ளே போய், கூடத்துச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே பணிவாக இறங்கி, ஃபிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குளியலறைக்குள் நுழைந்து, அவர் விழுந்து கிடந்த இடத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வளைந்து நின்றது.

"உலகு, வந்து பாரு" என்று அவர் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது. "கம்பி கக்கூசுக்கு வழி விசாரிச்சு வந்திருக்கு!"

பிளாக் சங்கச் செயலாளர் அருமைநாயகம் அண்ணாச்சி வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கம்பியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பற்றவைத்த தடமோ திருகாணியோ எங்கும் இல்லை. கொடி வளர்ந்த மாதிரி ஒரே இழையாகப் போயிருந்தது. அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்.

"கமிட்டியில தீர்மானம் போடாம இது எப்படி வளரலாம்?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, இதுவரை வளர்ந்ததற்கும் இனி வளரப்போவதற்கும் சேர்த்து ஒரே தீர்மானமாகப் போட்டார்கள். எல்லோரும் கை தூக்கினோம். அத்தோடு கம்பிக்கும் சட்டப்படி குடியிருப்பு உரிமை கிடைத்துவிட்டது.

அது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. தண்டிலிருந்து கிளை பிரிகிற மாதிரி அங்கங்கே பிரிந்து, எந்த வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களோ அந்த வீட்டுக்குள் போயிற்று. உள்ளே போனது வெளியேயும் வந்தது. தெரு ஓரமாக, சாக்கடை மூடியை ஒதுங்கி, தூங்குகிற நாயை ஒதுங்கி, கால் தளர்ந்தவர்கள் எங்கெங்கே போக ஆசைப்பட்டார்களோ அங்கெல்லாம் போயிற்று. கோயிலுக்கு ஒன்று, ஆறு மணிப் பூசைக்குக் கித்தேரியம்மா நடக்கிற பாதையில் மாதா கோவிலுக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. வளர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காலையில் பார்த்தால் நேற்றைவிட நீளமாக இருக்கும், அவ்வளவுதான். பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, அப்புறம் அதிலேயே சாய்ந்துகொண்டு சவாரிக்குக் காத்திருந்தார்கள். புகார் வந்து அளந்துபார்க்க வந்த ஒரு மாநகராட்சி இன்ஜினியர், டேப்பைச் சுருட்டிவிட்டு, "எஸ்டிமேட்டில் இல்லாதது எங்களுடையது இல்லை, எங்களுடையது இல்லாததை நாங்கள் வெட்ட முடியாது" என்று சொல்லி, அருமைநாயகம் அண்ணாச்சி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

முதல் மாடி சபாபதி சார் வீட்டில்தான் சின்னச் சண்டை. சர்க்கரை வியாதிக்காரர், தினமும் பூங்காவுக்கு நடக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்புவார். அவருக்கான கம்பி பூங்காப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மக்ரூன் என்ற முந்திரி இனிப்புப் போடுகிற பேக்கரிக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றது. அவர் மனைவி சொர்ணத்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்தொடர்ந்து போய்விட்டார்.

"இதுதான் நீங்க நடக்குத லட்சணமா?"

"நான் எங்கட்டி வந்தேன்? கம்பி கூட்டிட்டு வந்துட்டு."

"அப்ப கம்பியே ராத்திரி சோறு போடும். போங்க."

இப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் பிளாக்கில் ஒருவரும் விழவில்லை. ஒரு கால்கூடச் சுளுக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

இரண்டாம் மாடி செல்லக்கனியக்காவுக்கு மனசு தாங்கவில்லை. வளர்கிறது, வழிகாட்டுகிறது, விழவிடாமல் காக்கிறது, இதைச் சும்மா எப்படி விடுவது என்று ஒரு ஆடி வெள்ளிக்கிழமை கம்பிக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் எலுமிச்சம்பழம் செருகிவிட்டாள். அடுத்த வெள்ளி மஞ்சள் துணியும் வேப்பிலையும் வந்தன. மாதா கோவில் தெருப் பெண்கள் வந்து செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி கொளுத்தி, ஜெபமாலைகளைத் தொங்கவிட்டார்கள். பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள், பிறகு முத்தையாபுரத்திலிருந்து ஒரு வேன். படிக்கட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வாசலில் "செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்" என்று ஒரு பலகை தொங்கியது. கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சுற்றி வந்தார்கள். பிடித்துக்கொள்ள மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. குளிக்காமல் எப்படிப் பிடிப்பது, மூக்குச் சிந்திய கையோடு எப்படிப் பிடிப்பது என்று எங்கள் பெரியவர்கள் எல்லோரும், வழுக்குகிற ஈரப்படியில், வெறுங்காலோடு, கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளி மரியாதையாக நடந்தார்கள்.

கம்பி வளர்வது நின்றுபோயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. பூ அத்தனை இருந்தது.

கித்தேரியம்மா விழுந்த அன்று காலையில் மீன் கழுவியிருக்கிறார். குப்பையைப் போடக் கீழே இறங்கினார். என் வீட்டு மணி அடித்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், எலுமிச்சம்பழத்துக்கு நேர் கீழே, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை அதன் போக்கில் இல்லை.

"பிடிச்சு இறங்கப்படாதா?" என்று நான் அழுதேன்.

"மீன் கழுவுன கைட்டி. செல்லக்கனி கும்பிடுத சாமியை எப்படித் தொட? அவ மனசு கஷ்டப்படும்லா." பிறகு குரலைத் தாழ்த்தினார், அன்றுதான் அவர் தாழ்ந்த குரலை முதன்முதலாகக் கேட்டேன். "ஜெரால்டுகிட்ட சொல்லாத உலகு."

சொல்லாமல் முடியுமா? ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வருவதற்குள் ரஹ்மத் நிஷா போன் செய்துவிட்டாள். அது அவள் வேலை. ஜெரால்டு மறுநாள் இரண்டு பெரிய காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தான். அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். கித்தேரியம்மா கட்டிலில் உட்கார்ந்து, "அது வேண்டாம், அது பழசு" என்றுகூடச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்கக்கா. உங்களைக் குறை சொல்லலை" என்றான் என்னிடம். "ஆனா பிடிக்க முடியாத கைப்பிடி எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

நான் என் வீட்டுக்குப் போனேன்; வாளியில் தண்ணீர் பிடித்தேன்; சோப்புத்தூளைக் கொட்டினேன்; தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்து மூன்றாம் மாடியிலிருந்து கம்பியைத் தேய்க்க ஆரம்பித்தேன். மாலைகளை அறுத்துக் கூடையில் போட்டேன், துணியை அவிழ்த்தேன், ஜெபமாலைகளைப் பத்திரமாகத் தோளில் மாட்டிக்கொண்டேன். எண்ணெயும் சந்தனமும் மெழுகும் ஏறி அப்பியிருந்தது, நகத்தால் சுரண்டித் தேய்த்தேன். சாமிக்குப் பயப்படாதவள் இல்லை நான். பல்லி கத்தினால்கூட வேலையை நிறுத்துகிறவள்.

இரண்டாம் மாடிக்கு இறங்கியபோது செல்லக்கனியக்கா கதவைத் திறந்து அலறினாள்.

"ஏட்டி உலகு! கை விளங்காமப் போயிரும்ட்டி! சாமி குத்தம்!"

"குத்தம்னா என்கிட்ட வரட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சாமி கைய நீட்டுதுன்னா பிடிச்சுக்கிடத்தானேக்கா? மாலை போட்டு வழியனுப்பிருவியளா?"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தேன். தலை சுற்றியது. எனக்கு ஒரு வருடமாகவே அது உண்டு. குனிந்து நிமிர்ந்தால் வீடு ஒரு சுற்றுச் சுற்றி வரும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிவகாசியில் இருக்கும் மகள் வந்து பெட்டி கட்டுவாள் என்ற பயம். அன்று படிக்கட்டே புரண்டு வந்தது. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், எல்லோரும் பார்க்க, சோப்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. சுற்றுவது நிற்கும் வரை அது அசையாமல் நின்றது.

கண்ணைத் திறந்தபோது செல்லக்கனியக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். திட்டுவதற்குத் துடைப்பம் எடுத்துவரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எலுமிச்சம்பழத்தைக் கொட்டிராத. ஊறுகா போடலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து கீழே வரை வீட்டுக்கு ஒருத்தர் வந்து தேய்த்தார்கள். அருமைநாயகம் அண்ணாச்சி பலகையைத் திருப்பி, "கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறவும்" என்று சுண்ணாம்பில் எழுதினார். சபாபதி சார் மக்ரூன் துகள் ஒட்டிய கையால் முதல் ஆளாகப் பிடித்துக்காட்டினார். சொர்ணத்தம்மா அந்தத் துகளையும் பார்த்துவிட்டார்.

ஜெரால்டு இத்தனையையும் மேலே இருந்து பார்த்தான். ஆனாலும் பெட்டியை மூடினான். "இப்ப எல்லாரும் ஒண்ணா நிக்கிறீங்க. அவங்கவங்க வீட்டு வேலையில இருக்கிற நேரத்துல எவ்வளவு சீக்கிரம் வருவீங்க?" என்று முணுமுணுத்தவன், நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல், அம்மாவின் கழுத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தான்.

என் வீட்டு மணி அடித்தது. நான் என்ன செய்வேன்? கித்தேரியம்மா செத்துவிட்டார் என்றே முடிவு செய்து, சாப்பிட்ட கையோடு, "ஐயோ, ஓடி வாங்களேன்!" என்று போட்டேன் ஒரு கூப்பாடு. அந்தக் கூப்பாட்டில் ஏ பிளாக்கும் எழுந்துவிட்டது. நான் உள்ளே பாய்ந்தேன், என் பின்னால் செல்லக்கனியக்கா தோசைக் கரண்டியோடு, சபாபதி சார் இடுப்பில் துண்டோடு, அருமைநாயகம் அண்ணாச்சி எதற்கோ ஒரு ஏணியோடு, ஆட்டோக்காரர்கள் இருவர் "ஆஸ்பத்திரிக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்றபடி, பேக்கரிக்காரர் மாவுக் கையோடு. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி வந்திருந்தார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை.

கித்தேரியம்மா எல்லோரையும் பார்த்தார், மகனைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "டெஸ்ட் பண்ணான்" என்றார். "பாஸா ஃபெயிலான்னு கேளுங்க."

ஜெரால்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். "என் அபார்ட்மெண்ட்ல தீப்பிடிச்சாலும் இத்தனை பேர் வர மாட்டாங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் கரண்டியையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு கலைந்தோம்.

அன்றைய ரயில் அவர்கள் இல்லாமலே போயிற்று. மறுநாள் காலையில் பார்த்தால், படிக்கட்டின் மறுபக்கச் சுவரிலும் ஒரு கம்பி கீழே வரை இறங்கியிருந்தது. வலது கையில் கட்டுப் போட்டவர் இடது கையால் பிடித்து இறங்கும்படி. கித்தேரியம்மா அதைப் பிடித்து இறங்கி, மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு, வழியில் நாலு பேரிடம் வம்பு பேசிவிட்டு, பிடித்தே ஏறி வந்தார். ஜெரால்டு பின்னாலேயே நடந்து போய் நடந்து வந்தான். ஒரு தடவைகூட அவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கிளம்பும்போது, "கிறிஸ்மஸுக்கு வா" என்றார் அவர். "பெட்டியைக் காலியா கொண்டுவராத. பிள்ளையளுக்குத் துணிமணி எடுத்து வச்சுக் கொண்டுவா. பத்து நாள் இருக்கணும்."

இவ்வளவுதான் கித்தேரியம்மா இங்கேயே இருக்கும் கதை. ஆனால் கம்பி அதோடு விடவில்லை.

அவன் ஊருக்குக் கிளம்பிப் போன அந்த வாரத்திலேயே ஒரு காலையில் கதவைத் திறந்தேன். புதிதாகப் பிரிந்த கிளை ஒன்று என் வாசலுக்கு வந்து நின்றிருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் என்ன கிழவியா? சட்டென்று கதவைச் சாத்தினேன். மற்ற வீடுகளில் பெரியவர்கள் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள், அது உள்ளே போய்விட்டது. நான் திருடனுக்கும் எலிக்கும் பயந்து இரண்டு தாழ்ப்பாளும் ஒரு பூட்டும் போடுகிறவள். அது முண்டவில்லை, தள்ளவில்லை. விருந்துக்கு வந்தவர் மாதிரி வெளியிலேயே நின்றது. நான் அதை ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

"வா வா, எங்க கட்சிக்கு வா" என்றார் கித்தேரியம்மா.

ரஹ்மத் நிஷா வந்து பார்த்துவிட்டு, நேராகக் கேட்டாள். "அண்ணன் லாரியில மாசத்துல பாதி நாள் வெளியூர். தலைசுத்தல் வேற. உங்களுக்குத் துணைவீடு யாருக்கா?"

இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்த நான் இதற்குப் பயப்பட மறந்துபோயிருந்தேன்.

"எதிர்வீடுதான்" என்றார் கித்தேரியம்மா, எனக்கு முன்னால்.

"ஒத்தக் கையை வச்சுக்கிட்டு என்னைத் தூக்கப் போறியளா?"

"நான் எதுக்குத் தூக்க? தொண்டை இருக்குல்லா. மில்லுல சங்கு ரிப்பேர்னா என்னையத்தான் கத்தச் சொல்லுவாக."

மறுநாள் நான் டாக்டரிடம் போய்த் தலைசுற்றலைச் சொன்னேன். காது நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார். மகளுக்கு போன் செய்து அதையும் நானே சொன்னேன். ஒரு மணியை வாங்கிக் கித்தேரியம்மாவின் கட்டில் தலைமாட்டில் மாட்டச் சொல்லி, பொத்தானை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஆசாரியைக் கூப்பிட்டு, கதவின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில், கம்பி நுழைகிற அளவுக்கு அறுத்துவிடச் சொன்னேன்.

"என்னக்கா, வீடு பூரா பூட்டு போட்டுட்டு இப்ப ஓட்டை போடச் சொல்லுதிய?"

"போடுங்க" என்றேன்.

அவர் அறுத்துவிட்டுப் போன பிறகு, கையில் சிராய் ஏறாமல் இருக்க அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். பிறகு இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, பூட்டையும் பூட்டி, கம்பி அதன்பாட்டுக்கு வரட்டும் என்று படுத்துத் தூங்கினேன்.